தரை போச்சு மாப்ளே

மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை என்று திட்டுவாய், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம், அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சொல்ல வந்தது வேறு. குளியலறை வாசலில் ஆசையாகப் பதித்த வெள்ளை மார்பிளை நானே கெடுத்துவிட்டேன்.

போர் தண்ணீர் உப்புக் கறைதான் காரணம், அதைப் போக்க ஆசிட் ஊற்றினேன். ஆசிட்டில் நிறையத் தண்ணீர் கலந்திருந்தால் மெதுவாக நுரைத்திருக்கும், கழுவிவிட நேரம் கிடைத்திருக்கும். நமக்கு ஏது பொறுமை? பாட்டிலை அப்படியே கவிழ்த்தேன். சோடா உடைத்த மாதிரி புஸ்ஸென்று பொங்கியது. ஒரு மக் தண்ணீர் மொள்வதற்குள் பளபளப்பெல்லாம் போய் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. கறையும் கால்சியம் கார்பனேட், மார்பிளும் கால்சியம் கார்பனேட், ஆசிட்டுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? "நீங்க கெமிஸ்ட்ரிதானே படிச்சீங்க?" என்று கேட்டாள் உன் தங்கச்சி. இதை நம் கெமிஸ்ட்ரி வாத்தியார் 'அரை மோலாரிடம்' மட்டும் சொல்லிவிடாதே.

தயோசல்பேட் பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? காகிதத்தில் எக்ஸ் போட்டு, அதன்மேல் தயோசல்பேட் கரைசல் குடுவையை வைத்து, ஆசிட் ஊற்றி, கந்தகம் கலங்கி எக்ஸ் மறைகிற வரை நீ வாட்சைப் பார்ப்பாய். தயோவில் தண்ணீர் கூடக்கூட நேரம் இழுக்கும். துகள்கள் நெருக்கமாக இருந்தால் மோதல் அதிகம், வேகமும் அதிகம். கெட்டுப்போன தரையையே காட்டிப் பெரியவளுக்கு இதைப் பெருமையாக விளக்கினேன்.

"அப்ப தூத்துக்குடி ரோட்டுல போற சல்ஃபியூரிக் ஆசிட் லாரி ஏன்ப்பா கரையல? அது இரும்புதானே?" என்றாள்.

எனக்கு வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்து, பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 98 சதவீத ஆசிட்டில் தண்ணீர் இல்லாத குறைதான். தண்ணீர் இருந்தால்தானே ஆசிட் பிரிந்து, இரும்பைத் தாக்குகிற ஹைட்ரஜன் அயனி தாராளமாகக் கிடைக்கும்? லேசாக அரித்ததுமே இரும்பு சல்பேட் உட்புறம் தோல் மாதிரி படிந்து, அதுவே காவலாகிவிடுகிறது. அதே டேங்கரில் கொஞ்சம் தண்ணீர் இறங்கட்டும், நீர்த்த ஆசிட் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும், ஹைட்ரஜன் கிளம்பும், பக்கத்தில் எவனாவது வெல்டிங் வைத்தால் தீர்ந்தது. செறிவு கூடினால் வேகம் கூடும் என்று மூன்று வருடம் எழுதி மார்க் வாங்கினோமே, ஒருத்தராவது இதைக் கேட்டோமா?

அப்புறம், உன் வீட்டுக்கு மார்பிள் பாலிஷ் போட்டவர் நம்பர் இருந்தால் அனுப்பு. ஆசிட் பாட்டில் இப்போது அலமாரியில் இருக்கிறது. சாவி உன் தங்கச்சியிடம்.