டேப் குறிகளை இடைவெளிகளாக மாற்றும் உங்கள் மென்பொருள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விலைப்பட்டியல் கோப்புகளின் பத்தி அமைப்பைச் சிதைத்த கட்டளை வரிக் கருவி, கட்டணத்தைத் திருப்பித் தரவும் குறையைத் திருத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் உள்ள மளிகைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் விலைப்பட்டியல் அச்சிட்டுத் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். உரைக் கோப்புகளில் உள்ள டேப் குறிகளை இடைவெளிகளாக மாற்றும் உங்கள் கருவிக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தியிருக்கிறேன். வரிசை குலையாது என்றும் தமிழை முழுமையாகக் கையாளும் என்றும் உங்கள் கையேடு உறுதியளித்ததே அதை நான் வாங்கியதற்குக் காரணம். அவ்விரு உறுதிமொழிகளும் பொய்த்துவிட்டன.

டேப் என்பது இத்தனை இடைவெளிகள் என்று அளவு வகுக்கப்பட்ட குறி அன்று. அது அடுத்த நிறுத்தத்துக்கு, அதாவது வரியில் முன்பே வகுத்துவைத்த அடுத்த இடத்துக்கு, தாவச் சொல்லும் குறி. நிறுத்தங்கள் வழக்கம்போல 8 எழுத்து இடங்களுக்கு ஒன்றாக இருந்தால், 3 எழுத்துள்ள ஆங்கிலச் சொல்லுக்குப் பின் வரும் டேப் 5 இடைவெளிகளாகவும், 7 எழுத்துள்ள சொல்லுக்குப் பின் வருவது ஒரே இடைவெளியாகவும் மாற வேண்டும். உங்கள் கருவியோ எந்த இடத்தில் வந்தாலும் டேப்பை எடுத்துவிட்டு 4 இடைவெளிகளை வைக்கிறது. எந்த உரைத் தொகுப்பானிலும் உள்ள 'தேடி மாற்று' வசதியே இதைச் செய்துவிடும் என்பதால், இதற்குத் தனியாக ஒரு கருவியை விற்கத் தேவையில்லை.

இதை முதன்முறை தெரிவித்தபோது, திருத்திய பதிப்பு ஒன்றை அனுப்பினீர்கள். அது நிறுத்தங்களைக் கணக்கிடுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அகலத்தை விட்டுவிட்டு, கணினி நினைவகத்தின் அலகான பைட்டுகளை எண்ணுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. 'அரிசி' என்பது பார்வைக்கு மூன்றே எழுத்துகள். கணினிக்குள் இகரக் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 5 குறியீடுகள், 15 பைட்டுகள். ஆகவே உங்கள் கருவி 16ஆம் இடத்துக்கு வந்துவிட்டதாக எண்ணி ஒரே ஒரு இடைவெளியைப் போடுகிறது. அதே பொருளை ஆங்கிலத்தில் 'rice' என்று எழுதியிருந்தால் 4 இடைவெளிகள் கிடைத்திருக்கும். இதனால் தமிழ்ப் பெயர் உள்ள வரிகளில் விலை ஓரிடத்திலும், ஆங்கிலப் பெயர் உள்ள வரிகளில் வேறோரிடத்திலும் நிற்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் விலையின்றிக் கிடைக்கும், இதே வேலையைச் செய்யும் 'எக்ஸ்பேண்ட்' கட்டளையின் பல பதிப்புகளும் பைட்டைத்தான் எண்ணுகின்றன என்பதை நான் அறிவேன். ஆனால் அதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை, தமிழை முழுமையாகக் கையாளும் என்று விளம்பரம் செய்வதுமில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு, உங்கள் கருவி மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடுவதால் நேர்ந்தது. 'எக்ஸ்பேண்ட்' தன் விடையைத் திரைக்கோ நாம் சொல்லும் வேறு கோப்புக்கோ அனுப்பும், மூலத்தைத் தொடாது. உங்கள் கருவி எச்சரிக்கை எதுவுமின்றி மூலத்தை மாற்றிவிட்டது. அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. 'துவரம் பருப்பு', '1 கிலோ' போன்ற சொற்களுக்கு நடுவே முன்பே இடைவெளி இருப்பதால், எது சொற்களைப் பிரிக்கும் இடைவெளி, எது பத்தியைப் பிரித்த டேப் என்று இப்போது எந்தக் கட்டளையாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காப்புப் பிரதி எடுப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று உங்கள் ஊழியர் பதில் எழுதினார். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வோர் இரவும் காப்புப் பிரதி எடுக்கப்படுகிறது. ஆனால் தீபாவளி விற்பனைக்காகக் கடைக்காரர்கள் அன்று பகலில் சொன்ன விலை மாற்றங்கள் முந்தைய இரவின் பிரதியில் எப்படி இருக்கும்? அவற்றைக் கடை கடையாகக் கேட்டு மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

அதே கோப்புறையில் இருந்த 'மேக்ஃபைல்' கோப்பையும் கருவி விட்டுவைக்கவில்லை. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' நிரல், அந்தக் கோப்பில் எழுதியுள்ள கட்டளைகளை இயக்கும்; அதில் கட்டளை வரிகள் டேப்பில் தொடங்க வேண்டும் என்ற விதி இன்றும் இயல்பான விதியாக இருக்கிறது. டேப்பின் இடத்தில் இடைவெளி வந்ததும் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' (பிரிப்பான் இல்லை) என்ற பிழையோடு அது நின்றுவிட்டது. இத்தகைய கோப்புகளைத் தவிர்க்க வேண்டும் என்பது இந்தத் துறையில் கருவி செய்பவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்க முடியாது.

ஆகவே, நான் செலுத்திய ஆண்டுக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மூலக் கோப்பை மாற்ற வேண்டுமானால் பயனர் அதைத் தனித் தெரிவாகக் கேட்க வேண்டும் என்ற முறையை அடுத்த பதிப்பிலேயே கொண்டுவாருங்கள். வரித் தொடக்கத்தில் உள்ள டேப்களை மட்டும் மாற்றும் தெரிவையும் சேருங்கள். எழுத்தின் திரை அகலத்தைக் கணக்கிடும் வரை, தமிழ் குறித்த உறுதிமொழியைக் கையேட்டிலிருந்து நீக்கிவிடுங்கள்; மற்ற கடைகளின் பட்டியல்களாவது தப்பும்.

இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான உரிமைகோரல்களை விசாரிக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை அணுகுவேன். கட்டண ரசீதின் நகல், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிக் கோப்புகள், உங்கள் ஊழியரின் பதில் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சிங்கப்பூர்