ஞாயிறு உரையாடல்: ஒன்பது நாள் அதிர்ந்த பூமி

அனைவருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு, வழக்கம்போல குழு அழைப்பில் பேசுவோம்.

2023 செப்டம்பரில் உலகெங்கும் நிலநடுக்கமானிகளில் விநோதமான அதிர்வு ஒன்று பதிவானது. ஏறக்குறைய 90 விநாடிக்கு ஒருமுறை, ஒன்பது நாள்! நிலநடுக்கம் இப்படி இருக்காதே என்று ஆய்வாளர்கள் குழம்பினார்கள். ஒரு வருடம் கழித்து விடை வெளியானது. கிழக்கு கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டில் மலை சரிந்து, 200 மீட்டர் உயர அலை எழுந்திருக்கிறது. அப்புறம் அந்தக் குறுகிய கடற்கழிக்குள் தண்ணீர், தூக்கி நடக்கிற குடத்துத் தண்ணீர் மாதிரி, கரைக்குக் கரை தளும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அடிவாரப் பனியாறு மெலிந்ததில் மலை பிடிமானம் இழந்ததுதான் சரிவுக்குக் காரணம்.

நேரமிருந்தால், கரீபியன் தீவான குவாதலூப்பின் அலையாத்திக் காட்டில் கிடைத்த, வெறும் கண்ணுக்கே தெரியும் ராட்சத பாக்டீரியா பற்றியும் பேசலாம். கேள்விகளைச் சனிக்கிழமைக்குள் இங்கே போட்டுவிடுங்கள்.