கோரிக்கை மனு: பிரித்துக் கொடுக்கும் குப்பையை எரிக்காதீர்கள்

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தெரு குடியிருப்போர், 7-ஆவது வார்டு.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: ஏரிக்கரையில் குப்பை கொட்டி எரிப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பேரூராட்சியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் கொடுக்கிறோம். வாங்க வரும் பேட்டரி வண்டியில் தடுப்பே இல்லை. இரண்டும் ஒன்றாக விழுகிறது. அப்புறம் எல்லாம் ஏரிக்கரைக்குப் போய், இருட்டியதும் எரிகிறது. மறுநாள் காலை அங்கன்வாடி திறக்கும்போதும் புகை அடங்குவதில்லை. தூய்மைப் பணியாளர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. இப்படி ஒரு வண்டியைக் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? குப்பையைத் தரம் பிரித்து உரமாக்க, வளம் மீட்புப் பூங்கா என்று பலகை மாட்டிய கொட்டகையும் பூட்டியே கிடக்கிறது.

சட்டத்துக்குக் குறைவில்லை. குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும், திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பேரூராட்சி கொட்டும் இடத்திலேயே எரிந்தால் அபராதத்தை யார் யாரிடம் வசூலிப்பது? பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எங்கள் ஊரில் தள்ளுவண்டிக்காரருக்கு அபராதம் போடுகிறார்கள். மொத்த வியாபாரக் குடோன் பக்கம் யாரும் போவதில்லை.

அரசு நினைத்தால் நடக்கும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. அங்கே 2022-இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். காட்டில் வீசிய பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. அதற்கும் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்புக் காட்ட வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

எனவே, எரிப்பதை உடனே நிறுத்தும்படி எழுத்துபூர்வமாக உத்தரவிட வேண்டுகிறோம். வண்டிகளில் தடுப்பு வைத்து, பூட்டிய கொட்டகையைத் திறந்து ஆள் போட வேண்டும். பிளாஸ்டிக் சோதனையைக் குடோனிலிருந்து தொடங்க வேண்டும். கள ஆய்வுக்கு வருபவர்கள் தயவுசெய்து முன்னறிவிப்பு இல்லாமல் இரவு 7 மணிக்கு மேல் வரட்டும். மதியம் வந்தால் சாம்பல்தான் இருக்கும். இந்த மனுவை விசாரணைக்காக அதே பேரூராட்சிக்கு அனுப்பிவிடாமல், வேறு அலுவலர் ஒருவரை நியமிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெரு பொதுமக்கள்