தேரிக்காட்டில் படிக்க வேண்டிய பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புவியியலில் முழு மதிப்பெண் பெறுவது எப்படி என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலைகளின் பெயர், ஆறுகளின் நீளம், மண் வகைகள் என மனப்பாடப் பட்டியல்தான் இருந்தது. இந்தப் பாடத்தையே கற்பித்து ஓய்வுபெற்றவளுக்கு மனம் பொறுக்கவில்லை. பாறையும் காற்றும் நீரும் மண்ணும் மரஞ்செடிகளும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று காரணம் தேடும் படிப்பல்லவா இயற்கைப் புவியியல்!

திருச்செந்தூர்ப் பக்கம் எங்கள் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்டு பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் தேரி மணலையும் வாரிக் குவித்தது. அந்த மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் செம்மை ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துகள்மீதும் இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது. மழை பெய்தாலும் மேட்டில் ஓடை ஓடுவது அரிது. மணல் பெரும்பகுதியைக் குடித்துவிட்டு அடிவாரத்தில் சுனையாகக் கசியவிடுகிறது. மேலே பனையும் முந்திரியும், கீழே வாழையும் தென்னையும் ஏன் என்று பிள்ளைகள் அங்கே நின்று பார்த்தால் தாமே சொல்லிவிடுவார்கள். மழை மறைவுப் பகுதிக்கு இலக்கணம் உருப்போடவும் தேவையிராது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. எங்கள் பக்கத்துக் குளங்கள் ஒன்றின் உபரிநீர் அடுத்ததற்குப் போகும்படி அமைந்தவை. இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடத்தில் குளங்களும் ஓடைகளும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கரை உடைந்தால் வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பும் என்று பத்தாம் வகுப்பு மாணவி அதில் விரல் வைத்துக் காட்ட முடியும், படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தால். அந்த வரைபடத்தை விரித்தே பார்க்காமல் பள்ளியை விட்டுப் போனவர்களை நான் ஏராளம் அறிவேன்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆண்டில் ஒரு நாளாவது களப்பயணத்தைக் கல்வித் துறை கட்டாயமாக்க வேண்டும். கொடைக்கானலுக்குப் பஸ் பிடிக்க வேண்டாம். வரைபடத்தோடு சொந்த ஊர்க் குளக்கரையில் நடந்தால் போதும். அதற்கு மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் எந்தப் பள்ளியும் பிள்ளைகளை வகுப்பறையைவிட்டு வெளியே அனுப்பாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
உடன்குடி