இறக்கத்தில் கவனம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது, மகளும் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரைத் தானே படிக்கிறார்.

சரி, சைக்கிளில் மலைக்குப் போகப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். ஏற்றத்தை நினைத்துத்தான் பக்கம் பக்கமாகக் கவலைப்பட்டிருக்கிறாய். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவுதானே! எனக்குக் கவலையெல்லாம் இறக்கம்தான்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 11 மீட்டர் ஓடியிருப்பாய்; ரோட்டில் கிடக்கும் கல் கண்ணில் பட்டு, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள்ளேயே பல மீட்டர் போய்விடும். அதனால் வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. நேர் ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்துவிடு. சைக்கிள் சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிமானம் திரும்புவதற்கே சரியாகப் போய்விடுகிறது; அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் சறுக்கிவிடும். வெளிப்பக்கத்துப் பெடலைக் கீழே வைத்து, எடையை அதன்மேல் போடு. பார்வை வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும். குழியையே பார்த்துக்கொண்டு போகிறவன் குழியில்தான் இறங்குவான்.

முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று சின்ன வயதில் நம்மை மிரட்டி வைத்தார்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்கிறது, அதனால் முன்சக்கரம்தான் அதிக வேலை செய்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே போகும். இரண்டையும் சேர்த்துப் பிடி. வெடுக்கென்று பிடிக்காமல் மெல்ல அழுத்தத்தைக் கூட்டு; உட்காரும் இடத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள். மணலும் சரளையும் ஈரமும் இருந்தால் முன் பிரேக்கில் இன்னும் இதமான கை வேண்டும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் பலர் செய்வது. அது வேண்டாம். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடித்துப் போவதும் உண்டு. நல்ல அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறை, விடு, காற்றில் ஆறட்டும், மறுபடி பிடி. கை வலித்தால் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் இளைப்பாறு. நின்றதும் ரிம்மைத் தொட்டுப் பார்க்காதே, சுட்டுவிடும்! மழையில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அதற்கும் தூரம் விட்டு, முன்கூட்டியே பிடிக்க ஆரம்பி.

அப்புறம், வேகத்தில் ஹேண்டில்பார் திடீரென்று உதறினால் இறுக்கிப் பிடிக்கத்தான் தோன்றும். பிடியைத் தளர்த்தி, இரண்டு முழங்காலாலும் சட்டகத்தின் மேல் குழாயை அணைத்துக்கொள். மெல்ல வேகம் குறை. உதறல் அடங்கிவிடும்.

பிரேக் கட்டையைப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, கிளம்புவதற்கு முன்பே அனுப்பு. அதிலுள்ள வெட்டுக்கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் நீ போக வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்