இரண்டாம் வரிசைக்கும் ஆட்டம் கொடுங்கள்: ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஒரு திறந்த மடல்

கொலம்பஸ், ஜூலை 2025

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் ரயன் டே அவர்களுக்கும், உதவிப் பயிற்சியாளர்களுக்கும், விளையாட்டுத் துறை இயக்குநர் ராஸ் பியோர்க் அவர்களுக்கும்,

வணக்கம். ஜனவரி 20ஆம் தேதி அட்லாண்டாவில் நோட்டர் டேமை 34-23 என்று வென்று தேசியக் கோப்பையைக் கொலம்பஸுக்குக் கொண்டுவந்தீர்கள். அதற்கு முதலில் என் மனமார்ந்த நன்றி. வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, சனிக்கிழமை ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. அதில் ஒரு வீட்டிலிருந்து எழுதுகிறேன். தமிழில் எழுதுவதால், இந்த ஆட்டத்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கும் நம்மவர்களும் படிப்பார்கள் என்று ஆங்காங்கே கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். ஏப்ரலில் நடந்த டிராஃப்டில் நம் அணியிலிருந்து மட்டும் 14 பேரை எடுத்துக்கொண்டார்கள். முதல் சுற்றிலேயே நான்கு பேர்: எமேகா எக்பூகா, டானவன் ஜாக்சன், டைலீக் வில்லியம்ஸ், ஜாஷ் சிம்மன்ஸ். ஊருக்கே பெருமைதான். ஆனால் ஆட்டம் இல்லாத இந்த மாதங்களில் வீரர் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அந்த 14 இடங்களிலும் இப்போது யார் நிற்கப் போகிறார்கள் என்ற கேள்வி வருகிறது. அதைவிடப் பெரிய கேள்வி, அப்படி நிற்பவருக்கு அடிபட்டால் அடுத்து யார் என்பது. இந்த மடல் அந்த ‘அடுத்தவரை’ப் பற்றியது.

போன ஆண்டு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்டோபர் 12, யூஜீன் நகரில் ஆரிகனுடன் ஆட்டம். லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸுக்கு முழங்கால் போனது, அத்தோடு அவருடைய சீசனும் முடிந்தது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வலது கைக்காரராக இருந்தால், பந்தை வீசத் திரும்பும்போது அவர் முதுகு இடது பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் பாய்ந்து வருபவனை அவர் பார்க்க முடியாது. அவனைத் தடுத்து நிறுத்துபவர்தான் லெஃப்ட் டாக்கிள். நெப்ராஸ்கா ஆட்டத்தில் அந்த இடத்தில் ஜென் மிஹால்ஸ்கியை இறக்கினீர்கள். அவருக்கும் அடிபட்டது. 21-17 என்று தட்டுத் தடுமாறித்தான் ஜெயித்தோம். அடுத்த வாரம் பென் ஸ்டேட். டாக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் லெஃப்ட் கார்டாகவே ஆடிப் பழகிய டானவன் ஜாக்சனை ஓர் இடம் வெளியே தள்ளி டாக்கிளாக நிறுத்தினீர்கள். எதிரே நின்றவர் ஆப்துல் கார்ட்டர், இந்த டிராஃப்டில் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டவர். அந்த ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது. பந்தை அவர்கள் கையில் கொடுக்காமல், ஓடி ஓடியே கடிகாரத்தைத் தீர்த்தோம். 20-13.

ஜாக்சன் அந்த இடத்திலேயே நின்று கோப்பை வரை கொண்டுவந்தார். அது அவருடைய திறமை. ஒரு கார்டு ஒரே வாரத்தில் டாக்கிள் ஆவது எல்லா ஆண்டும் நடக்கிற காரியமா? நடக்காது. அதை நம்பித் திட்டம் போடவும் கூடாது.

அதற்கு அடுத்த அடி நவம்பரில் விழுந்தது. தடுக்கும் வரிசையான லைனின் நடுவில் நின்று பந்தை எடுத்துக்கொடுப்பவர் சென்டர். நம் சென்டர் சேத் மெக்லாஃப்லினுக்குப் பயிற்சியிலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதை அந்த ஆண்டு வாங்கியவர் அவர்தான். கார்சன் ஹின்ஸ்மனை நடுவில் நகர்த்தினீர்கள். அவர் விட்ட லெஃப்ட் கார்டு இடத்தை லூக் மான்ட்கமரியும் ஆஸ்டின் சீர்வெல்டும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். புதிதாகக் கோத்த அந்த நடுப்பகுதிதான் நவம்பர் 30 அன்று மேசன் கிரஹம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மிச்சிகன் மலைகளை எதிர்கொண்டது. இருவருமே இந்த ஏப்ரலில் முதல் சுற்றில் போனவர்கள். அவர்கள் நடுவே திரும்பத் திரும்ப ஓடப் பார்த்தோம், வழி கிடைக்கவில்லை. சொந்த மைதானத்தில் 13-10 என்று தோற்றோம். அன்று ஊரே உங்கள்மேல் கோபமாக இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அதே மான்ட்கமரியும் சீர்வெல்டும் அப்புறம் டென்னசி, ஆரிகன், டெக்சாஸ், நோட்டர் டேம் என்று வரிசையாக நான்கு பேரைச் சாய்த்த லைனில் பங்கு வகித்தார்கள். ஆட ஆடத்தான் கை கூடியது.

இந்த ஆண்டு இரண்டு டாக்கிள்களும் புதிது. ஜாக்சன் மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போய்விட்டார், வலது பக்கம் நின்ற ஜாஷ் ஃப்ரையரும் படிப்பை முடித்துவிட்டார். ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஈத்தன் ஒனியான்வாவையும், மினசோட்டாவிலிருந்து ஃபிலிப் டேனியல்ஸையும், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். லைன் பயிற்சியாளர் டைலர் போவனும் புதியவர். நடுவில் ஹின்ஸ்மன், டெக்ரா ட்சபோலா, மான்ட்கமரி, சீர்வெல்ட் என்று அனுபவம் இருக்கிறது. ஆக, கார்டுக்கு ஆள் மிச்சம், டாக்கிளுக்குத் தட்டுப்பாடு. போன ஆண்டு நாம் அடிவாங்கியது இதே இடத்தில்தானே! சீர்வெல்டை இப்போதே டாக்கிளாகவும் பழக்குங்கள் என்பது என் வேண்டுகோள். ஆகஸ்ட் பயிற்சி முழுக்க அவருக்கு அந்த இடத்தில் நேரம் கிடைத்தால், அக்டோபரில் யாருக்காவது அடிபடும்போது அவசர அவசரமாக ஆள் நகர்த்த வேண்டியிருக்காது.

குவார்ட்டர்பேக் இடத்துக்கு நம் அணியின் சரித்திரத்திலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. 2014 ஆகஸ்டில் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோள் போனது. ஜே.டி. பாரெட் வந்தார், அபாரமாக ஆடினார். மிச்சிகன் ஆட்டத்தில் அவருக்கும் கணுக்கால் முறிந்தது. மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ். அவர் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது நம் அணி ஆடும் பிக் டென் லீக்கின் இறுதி ஆட்டத்தில், விஸ்கான்சினுக்கு எதிராக. 59-0! அதற்கப்புறம் அலபாமா, கடைசியில் ஆரிகன், கையில் கோப்பை.

அடுத்தது 2023 டிசம்பர், சீசன் கடைசியில் வரும் காட்டன் பௌல் ஆட்டம். அதுவரை குவார்ட்டர்பேக்காக ஆடிய கைல் மெக்கார்ட் போர்ட்டல் வழியாகக் கிளம்பிவிட்டார். டெவின் பிரவுன் இறங்கினார், முதல் பாதியிலேயே கணுக்காலில் அடி. முதலாம் ஆண்டு மாணவன் லிங்கன் கீன்ஹோல்ஸை உள்ளே அனுப்பினீர்கள். மிசூரியிடம் 14-3 என்று தோற்றோம். அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். கார்டேல் ஜோன்ஸ் அணிக்குள் வந்து மூன்றாவது ஆண்டில் இருந்தார், அந்த அமைப்பு அவருக்கு அத்துப்படி. கீன்ஹோல்ஸ் வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. சீசன் முழுக்க முன்னால் நின்ற இருவருக்குத்தான் பெரும்பாலான பயிற்சி நேரம் போயிருக்கும்.

இப்போது, போன ஆண்டுக் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் போய்விட்டார். டெவின் பிரவுன் கலிபோர்னியாவுக்கும், ஏர் நோலண்ட் தென் கரோலினாவுக்கும் மாறிவிட்டார்கள். மீதி ஜூலியன் சாயின், அதே கீன்ஹோல்ஸ், புதிதாக வந்திருக்கும் டேவியன் செயின்ட் கிளேர். சாயினுக்குத்தான் வாய்ப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள், இருக்கட்டும். அந்தப் போட்டியில் தோற்றவரையும் நவம்பரில் நமக்கு வேண்டியவராக நடத்துங்கள் என்பதுதான் நான் கேட்பது. ஒவ்வொரு வாரமும் பயிற்சியில் முதல் அணியோடு சேர்ந்து கொஞ்ச நேரமாவது கீன்ஹோல்ஸுக்குக் கிடைக்க வேண்டும்.

வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முதல் ஆண்டிலேயே 76 பந்துகளைப் பிடித்து 1,315 யார்டு சேர்த்த ஜெரமையா ஸ்மித் இருக்கிறார், கூடவே கார்னெல் டேட். எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸின் பின்பகுதியில் கேலப் டவுன்ஸ் இருக்கும்வரை அங்கேயும் எனக்குப் பயமில்லை.

டிஃபென்ஸின் முன்வரிசைதான் விஷயம். ஜாக் சாயர், ஜே.டி. டுயிமோலோவ், டைலீக் வில்லியம்ஸ், டை ஹாமில்டன் என்று நான்கு பேரும் மொத்தமாகப் போய்விட்டார்கள். மற்ற அணிகள் இப்படி ஓர் ஓட்டை விழுந்தால் போர்ட்டலில் ஓடிப்போய் ஆள் தேடும். இங்கே கேடன் கரியும் கென்யாட்டா ஜாக்சனும் இருக்கிறார்கள். இருவரும் 2022இல் வந்தவர்கள். மூன்று சீசன் சாயருக்கும் டுயிமோலோவுக்கும் பின்னால் நின்றார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை போர்ட்டல் கதவு திறந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் இவர்களைக் கூப்பிட்டு முதல் இடம் கொடுத்திருக்கும், பணமும் கொடுத்திருக்கும். இருந்தும் போகவில்லை. பயிற்சியாளர் லாரி ஜான்சன் அவர்கள் 2014 முதல் இந்த வரிசையை வளர்த்துவருவதன் பலன் இது என்று நினைக்கிறேன். இன்று உங்கள் பட்டியலில் எனக்குப் பிடித்த இரண்டு பெயர்கள் இவைதான். இவர்களுக்குப் பின்னால் இப்போது நிற்கும் பையன்களும் மூன்று ஆண்டு பொறுப்பார்களா என்றால், சந்தேகம்தான். ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து முறையாவது களத்தில் கால் வைத்தால்தான் ஒருவனுக்கு இருக்கப் பிடிக்கும்.

இனி இயக்குநர் பியோர்க் அவர்களிடம் ஒரு வார்த்தை. ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். ஜூலை 1 முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், இந்த ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு அதிகபட்சம் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். உழைக்கும் பையன்களுக்கு அந்த உழைப்பில் பங்கு கிடைப்பது நியாயம், அதை முழு மனதோடு வரவேற்கிறேன். அதோடு சேர்ந்து வந்த இன்னொன்றுதான் என்னை உறுத்துகிறது. முன்பு 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம், அதற்கு மேல் சொந்தச் செலவில் படித்துக்கொண்டு ஆடும் வாக்-ஆன் மாணவர்கள் இருப்பார்கள். இப்போது 85 என்ற வரம்பு போய்விட்டது, ஆனால் அணியில் மொத்தமே 105 பேர்தான். உதவித்தொகை கூடும், வாக்-ஆன் மாணவனின் இடம் சுருங்கும்.

வாரம் முழுக்க எதிரணியைப் போல ஆடிக்காட்டி முதல் அணியைத் தயார்செய்பவர்கள் பெரும்பாலும் இந்த மாணவர்கள். பேருக்குச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022இல் நோட்டர் டேமுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பின்தங்கியிருந்தோம். ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளில் மூன்றாவது முடியும் நேரத்தில் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் வீசிய பந்தைப் பிடித்து நம்மை முன்னிலைக்குக் கொண்டுவந்தது சேவியர் ஜான்சன். வாக்-ஆனாக வந்தவர். அடுத்த ஆண்டு அணித் தலைவர்களில் ஒருவராகவும் ஆனார். அப்படி ஒருவர் அன்று இந்த 105 கணக்குக்குள் வந்திருப்பாரா?

சமரசத்திலேயே ஒரு வழி இருக்கிறது. இந்த வரம்பால் இடம் இழந்த, இழக்கவிருந்த மாணவர்களை, கல்லூரி விரும்பினால், அவர்கள் படிப்புக் காலம் முடியும்வரை 105க்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளுங்கள், ஒருவரையும் விடாதீர்கள். அவர்கள் போனபிறகும் 105இல் கொஞ்சம் இடத்தை ஓஹையோ மாநிலப் பள்ளிகளிலிருந்து வரும் வாக்-ஆன் பையன்களுக்கென்று ஒதுக்குங்கள். கோப்பையை எடுக்கப் போன ஆண்டு 16 ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. இனி எல்லா ஆண்டும் அந்த நீளம்தான். அத்தனை வாரமும் பயிற்சியில் மோதி அடிவாங்க உடம்புகள் வேண்டும், அந்த உடம்புகளுக்கு ஓர் ஆசையும் வேண்டும்.

பயிற்சியாளர் அவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஆகஸ்ட் 30 அன்று டெக்சாஸ் நம் மைதானத்துக்கு வருகிறது. அன்று யாரையும் சோதித்துப் பார்க்கச் சொல்ல மாட்டேன், உங்களிடம் இருப்பதிலேயே சிறந்தவர்கள் ஆடட்டும். அதற்கடுத்து செப்டம்பர் 6 கிராம்ப்ளிங் ஸ்டேட், 13 ஓஹையோ பல்கலைக்கழகம். வழக்கமாக இப்படிப்பட்ட ஆட்டங்களில் நாற்பது பாயின்ட் முன்னே போனபிறகு, நான்காவது கால் பகுதியில், இரண்டாம் அணி முழுவதையும் ஒன்றாக இறக்கிவிடுவார்கள். பந்தைப் பிடித்து ஓடிக் கடிகாரத்தைத் தீர்ப்பார்கள், அவ்வளவுதான். இந்த முறை இரண்டாவது கால் பகுதியிலேயே மாற்று டாக்கிள் ஒருவரை முதல் லைனோடு நிறுத்துங்கள். கீன்ஹோல்ஸ் இறங்கும்போது ஸ்மித்தையும் டேட்டையும் களத்திலேயே வைத்து, அவர் பந்தை வீசட்டும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் கல்லூரியில் ஆட அவர்களுக்குள்ள ஆண்டுகளில் ஒன்று குறையாது என்று விதியே இருக்கிறது. அதில் இரண்டை இந்த இரண்டு வாரத்தில் செலவழித்துவிடுங்கள். செப்டம்பர் 27 அன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு ஆடச் சியாட்டிலுக்குப் பறக்கும்போது ஒவ்வோர் இடத்துக்கும் களம் கண்ட இரண்டாவது ஆள் நம் விமானத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
கொலம்பஸிலிருந்து ஒரு தமிழ் ரசிகர்