தண்ணீரில் தீங்கு, பற்பசையில் காப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுந்துள்ள ஃபுளோரைடு குறித்துத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருவதால் மக்களிடையே நல்ல விழிப்புணர்வு ஏற்பட்டிருக்கிறது. ஆனால் அந்த அச்சம் பற்பசையின் மீதும் படிந்து, ஃபுளோரைடு கலந்த எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்னும் நிலை உருவாகி வருவதை, பாலக்கோடு பகுதியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் கவலையோடு பார்க்கிறேன்.

அண்மையில் எங்கள் ஊர் மளிகைக் கடையில் மூதாட்டி ஒருவர், "ஃபுளோரைடு போட்ட பேஸ்ட் வேண்டாம் கண்ணு, எங்க பல்லுதான் இப்படிப் போச்சு, புள்ளைக்காவது நல்லா இருக்கட்டும்" என்று தம் பழுப்பேறிய முன்பற்களைக் காட்டிச் சொன்னார். அருகில் நின்ற பேரனின் கடைவாய்ப் பற்களோ கருத்துக் குழிந்திருந்தன.

பாட்டியின் கறை வேறு, பேரனின் சொத்தை வேறு. பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை, நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், மிகையான ஃபுளோரைடு குடிநீர் வழியே உடலில் சேர்ந்தால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் சரிவர இறுகாமல் கறை படிகிறது. சொத்தை என்பது, வாயிலுள்ள நுண்ணுயிரிகள் இனிப்பையும் மாவுப் பொருளையும் உண்டு அமிலத்தைச் சுரக்க, அதில் எனாமலின் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைவதால் வருவது. பல்லின் மேற்பரப்பில் சிறிதளவு ஃபுளோரைடு இருந்தால், உமிழ்நீரில் உள்ள அந்தத் தாதுக்கள் கரைந்த இடத்தில் மீண்டும் படிவது விரைவுபடுகிறது. அப்படிப் படியும் புதிய அடுக்கு முன்னதைவிட அமிலத்தை அதிகம் தாங்குகிறது. வெண்புள்ளியாகத் தொடங்கும் சொத்தையை இவ்வாறு மீட்க முடியும். குழி விழுந்தபின் மீட்க முடியாது. கறை படிந்த பல்லுக்குச் சொத்தை வராது என்று எண்ணுவதும் தவறு; கடுமையாகப் பாதிக்கப்பட்ட எனாமல் உதிர்ந்து பள்ளமாகும்போது அங்கேயும் சொத்தை பற்றும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் அச்சம் தெளியும். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரை ஒரு பிள்ளை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராமும் உடலுக்குள் போகிறது. 1000 பிபிஎம், அதாவது ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு, அதாவது கால் கிராம், எடுத்தால் அதில் இருப்பது கால் மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி துப்பப்பட்டுவிடும். நம் பகுதிக்கென்று கூடுதல் கவனம் தேவை என்பதை மறுக்கவில்லை. மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணியளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும். பெரியவர்களே வைத்துக் கொடுத்து, விழுங்காமல் துப்பச் செய்ய வேண்டும். துப்பியபின் நிறைய நீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்கவேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். இரவு துலக்கியபின் தண்ணீர் தவிர வேறெதுவும் தரலாகாது.

குழி விழுந்துவிட்ட பால்பற்களுக்கும் வழி உண்டு. சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்னும் திரவத்தைத் துளையிடாமலே தடவிப் பல சொத்தைகள் மேலும் பரவாமல் நிறுத்தலாம்; தடவிய சொத்தை கருத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஃபுளோரைடு பற்பசையோடு இதையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இரு மாவட்டங்களின் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுகளிலும் பள்ளி முகாம்களிலும் இச்சிகிச்சை தாராளமாகக் கிடைக்க ஆவன செய்யுமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒதுக்க வேண்டியது கிணற்று நீரைத்தான். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், காவிரி நீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, களி கிண்டவும் சோறு வடிக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்தும் வீடுகள் உள்ளன. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். எனவே பள்ளிச் சத்துணவுக் கூடங்களும் அங்கன்வாடிகளும் சமையலுக்கும் காவிரி நீரையே பயன்படுத்துவதை மாவட்ட நிர்வாகங்கள் உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.